‘செட்’ என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா? செட்டர் இண்டர்வியூவுக்குப் படிக்கிறேன், வழி சொல்லுங்கள்

கேள்வி: மாரண்டஅள்ளி_ஆபரேட்டர்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் மாரண்டஅள்ளி பக்கம். ஒசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சிஎன்சி லேத் ஆபரேட்டர். பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் டிப்ளமோ மெக்கானிக்கல். இப்போது வேறொரு கம்பெனியில் செட்டர் வேலைக்கு, அதாவது மெஷினை ஓட்டத் தயார் செய்து கொடுப்பவர் வேலைக்கு, ஆள் எடுக்கிறார்கள். வேலை எனக்குத் தெரியும். சாஃப்ட் ஜாவை (பொருளைப் பிடிக்கும் தாடை) அளவுக்குக் குடைவது, டூல் ஆஃப்செட் (டூல் நிற்கும் அளவு) எடுப்பது, முதல் பீஸை ஓட்டி மைக்ரோமீட்டரில் பார்த்து ஆஃப்செட்டைத் திருத்துவது எல்லாம் நைட் ஷிஃப்டில் செட்டர் வராத நாளில் நான்தான் செய்கிறேன். இடிப்பது இங்கிலீஷ் மட்டும்தான்.

அங்கே வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், இண்டர்வியூவில் செட்டப் ஷீட்டை, அதாவது மெஷினைத் தயார் செய்யும் குறிப்புத் தாளை, கையில் கொடுத்துப் படித்து விளக்கச் சொல்வார்கள் என்றான். மாதிரிக்கு ஒன்றும் காட்டினான். ஒரே பக்கத்தில் ‘செட் தி வொர்க் ஜீரோ’, ‘ஒன் செட் ஆஃப் இன்சர்ட்ஸ்’ (டூல் முனையில் மாட்டும் வெட்டு பிட்டுகள்), ‘டைட்டன் தி செட் ஸ்க்ரூ’, ‘செட் அசைட் தி ஃபர்ஸ்ட் பீஸ்’. எனக்குத் தலை சுற்றியது. டிப்ளமோவில் ‘பெர்மனென்ட் செட்’ என்று ஒன்று படித்தோம், அது இதில் எதோடும் ஒட்டவில்லை. ஒன்பதாவது படிக்கும் தங்கச்சிக்குக் கணக்கில் முதல் பாடம் கணமொழி. இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகளுக்கு அதன் பெயர் செட் லாங்குவேஜ். சூரியன் மறைந்தாலும் செட், சிமெண்ட் இறுகினாலும் செட்.

ஒரு ஆப்பில் செட் இன், செட் ஆஃப், செட் அவுட் என்று நீளமாகப் பட்டியல் போட்டிருந்தார்கள். கம்பெனி பஸ்ஸில் போகும்போது மனப்பாடம் செய்தேன். ஷிஃப்ட் முடிவதற்குள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடுகிறது. மனப்பாடம் இல்லாமல் இதைப் பிடிக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தகவல்_பெட்டி

இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறே உண்டு நண்பா. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் வந்தபோது, அதிலேயே மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்தான். 430 பொருள் கொடுத்திருந்தார்கள். பிறகு அகராதியைத் திருத்திக்கொண்டே வந்ததில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. 645 பொருள் என்று 2011-ல் செய்தி வந்தது. ஆகவே உங்களுக்குக் குழப்பம் வருவதில் ஆச்சரியமே இல்லை!

பதில்: பாலக்கோடு_காயில்காரர்

மேலே எழுதிய நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம். 430 என்று கேட்டால் தம்பிக்குக் காய்ச்சல்தான் வரும், வேலை வராது. இங்கிலீஷ்காரனே அந்த 430-ஐயும் தெரிந்துகொண்டு பேசுவதில்லை.

நான் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. இன்றைக்குத்தான் சம்பந்தம் வந்திருக்கிறது, விடுவேனா. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், டீ பிரேக்கில் படியுங்கள்.

தம்பி, ‘செட்’ என்பது ஒரு சொல் இல்லை, இரண்டு. பிறந்த இடம் வேறு, வளர்ந்த இடம் ஒன்று, அதனால் முகம் ஒரே மாதிரி ஆகிவிட்டது. உங்கள் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதால் வந்தது.

முதலாவது வினை, பழைய இங்கிலீஷிலேயே இருந்தது. ‘சிட்’ என்றால் உட்கார். உட்கார வைத்தால் ‘செட்’. நம்மிடம் இரு, இருத்து என்று இருக்கிறதே, அச்சு அசல் அதுதான். நட, நடத்து. படு, படுத்து. தமிழில் இன்றைக்கும் இந்தப் பழக்கம் உயிரோடு இருக்கிறது. இங்கிலீஷில் ஒரு காலத்தில் நன்றாக ஓடி, இப்போது நாலைந்து ஜோடிதான் மிச்சம். ‘ஃபால்’ என்றால் விழு, மரத்தை வெட்டி விழ வைத்தால் ‘ஃபெல்’. ‘லை’ என்றால் படு, படுக்க வைத்தால் ‘லே’. ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ அதே கதை.

இரண்டாவது பெயர்ச்சொல். கூட்டம், தொகுதி, ஜமா. இது லத்தீனில் ‘செக்டா’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவர் பின்னால் திரண்டு போகும் கூட்டம் என்று அர்த்தம். மதத்துக்குள் தனிப் பிரிவை ‘செக்ட்’ என்கிறார்களே, அதன் உடன்பிறப்பு. பிற்காலத்தில் இந்த இரண்டும் பழகிப் பழகி ஒன்றின் வாடை ஒன்றில் ஏறியிருக்கிறது, அது வேறு. தங்கச்சியின் கணமொழி இந்த இரண்டாவது வகை. இன்சர்ட் செட்டும் அதுதான்.

நம் ஊர்ப்பக்கம் புழங்குவது பெரும்பாலும் இந்தப் பெயர்ச்சொல்தான். பேண்டு செட், பம்பை செட், மைக் செட், பல்செட், கல்யாணத்துக்கு நகை செட். என் பிழைப்பே ஒரு செட்டில்தான் ஓடுகிறது, பம்ப்செட். மோட்டார் வேறு, பம்ப் வேறு. இரண்டையும் ஒரே பெட்டில் உட்கார வைத்து, கப்ளிங் போட்டு, அலைன்மெண்ட் பார்த்துப் பூட்டினால்தான் அது செட். மோனோபிளாக் வந்தபின் இரண்டுக்கும் ஒரே ஷாஃப்ட் ஆகிவிட்டது. இப்போது ஆயிரம் அடி போர் போட்டு சப்மெர்சிபிள் இறக்குகிறார்கள், அதில் கீழே மோட்டார், அதன் தலைமேல் பம்ப். எரிவது மோட்டார் மட்டும்தான். ஆனால் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருபவர் ‘செட்டு எரிஞ்சு போச்சுங்க’ என்றுதான் இறக்குவார். சரி, அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று இருந்தும் தண்ணீர் வராது. ஸ்பேனர் செட்டில் 12-13 தொலைந்துவிட்டால் மிச்சம் ஏழு ஸ்பேனர் பளபளவென்று இருந்தாலும் அதை யாரும் செட் என்று விலை கேட்க மாட்டார்கள். கூட இருந்தால்தான் பயன் என்ற அந்தப் பிணைப்பு இந்தச் சொல்லில் இருக்கிறது. சும்மா குவித்து வைத்தால் அது ‘ஹீப்’.

இனி வினைக்கு வருவோம். இதற்குத் தமிழில் ஒரு சாவி இருக்கிறது: ‘வை’. தீ வைக்கிறோம், அவன் ‘செட் ஃபயர்’ என்கிறான். எலிக்குப் பொறி வைக்கிறோம், ‘செட் எ டிராப்’. கோழியை அடை வைக்கிறோம், இங்கிலீஷ் பட்டிக்காட்டிலும் ‘செட் எ ஹென்’ என்பார்கள். அலாரம் வை, பரீட்சை வை, கல்யாணத்துக்கு நாள் வை, எல்லாம் ‘செட்’. கல் வைத்த மோதிரம் என்கிறோம், அங்கேயும் அந்தக் கல் தங்கத்தில் ‘செட்’ ஆகியிருக்கிறது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாமல் ‘வை’ என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், முக்கால்வாசி இடத்தில் கதவு திறக்கும்.

ஆனால் சாவியிலேயே ஒரு கோளாறும் உண்டு, இண்டர்வியூவில் அதுதான் மாட்டிவிடும். நம் ‘வை’ இங்கிலீஷில் மூன்று பேர் செய்யும் வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிறது: புட், கீப், செட். அதனால்தான் நம் ஆட்கள் ‘கீப் இட் ஆன் தி டேபிள்’ என்கிறார்கள். மேசைமேல் வை என்பதன் நேர் பெயர்ப்பு. கேட்பவன் காதில் ‘மேசைமேலேயே இருக்கட்டும், எடுக்காதே’ என்று விழும். உங்கள் மெஷினிலேயே சொல்கிறேன். டூலைக் கழற்றி டிராலியில் போட்டால் ‘புட்’. அது அங்கேயே கிடக்கட்டும் என்றால் ‘கீப்’. டரட்டில், அதாவது டூல்கள் நிற்கும் தலையில் மாட்டி, நீளம் எடுத்து, இந்த அளவில்தான் நிற்க வேண்டும், இனி அசையக் கூடாது என்று ஆக்கினால் ‘செட்’. வைப்பதோடு, வேலைக்குத் தயாராக, இன்ன இடம் இன்ன அளவு என்று நிறுத்துவதும் சேர்ந்தது. செட்டர் என்ற பெயரே அதனால்தான். ஆபரேட்டர் ஓட்டுகிறார், செட்டர் நிறுத்துகிறார்.

செட் ஸ்க்ரூ உங்களுக்குத் தெரிந்ததுதான், நம் பட்டறையில் கிரப் ஸ்க்ரூ என்போம். தலை இல்லாமல் ஆலன் கீ போட்டு முடுக்குவது. புல்லியை ஷாஃப்டில் அசையாமல் நிறுத்தி வைக்கிறது, அதனால் செட்.

பெர்மனென்ட் செட் எதோடும் ஒட்டவில்லை என்றீர்கள். நன்றாக ஒட்டும். ஸ்பிரிங்கை அளவாக இழுத்து விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும். எலாஸ்டிக் லிமிட்டைத் தாண்டி இழுத்தால் திரும்பாமல் கொஞ்சம் நீண்டே நின்றுவிடும். அந்த நின்றுபோன மிச்சம்தான் செட். ஹேக்ஸா பிளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பற்கள் வலமும் இடமுமாக மடங்கி நிற்கும். அதற்கும் செட் என்றுதான் பெயர். அந்த மடிப்பு இல்லாவிட்டால் பிளேடு வெட்டிய காடியிலேயே சிக்கிக்கொள்ளும். ஆசாரிகள் ரம்பத்துக்கு ‘செட் எடுக்க வேண்டும்’ என்று சொல்வது இதைத்தான்.

கடைசியாக ஒன்று. நேற்று செட் செய்தேன் என்பதற்கும் ‘செட்’தான். ‘செட்டட்’ என்று வாயில் வந்துவிட வேண்டாம். கட், புட், ஹிட், ஷட் மாதிரி டகரத்தில் முடியும் பல சின்ன வினைகள் இப்படித்தான். பழைய காலத்தில் பின்னால் ஒரு ‘டெ’ சேர்த்தார்கள், இரண்டு டகரமும் ஒன்றாகி, கடைசி உயிரும் தேய்ந்து, மூன்று காலத்துக்கும் ஒரே உருவம் நின்றுவிட்டது.

கடையில் ஆள் வந்துவிட்டார். செட் அவுட், செட் ஆஃப் எல்லாம் அப்புறம்.

பதில்: சைட்_சூப்பர்வைசர்_பென்னாகரம்

காயில்காரர் அண்ணன் சிமெண்டை விட்டுவிட்டார், நான் சேர்க்கிறேன். சிமெண்ட் செட் ஆவது என்றால் காய்வது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தண்ணீரோடு சேர்ந்து நடக்கும் வேதிவினை அது, தண்ணீருக்கு அடியில் போட்டாலும் செட் ஆகும். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இனிஷியல் செட்டிங் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, ஃபைனல் செட்டிங் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். உடனே இறுகிவிடாமல் இருக்கத்தான் அரைக்கும்போதே ஜிப்சம் சேர்க்கிறார்கள். செட் ஆவது வேறு, பலம் ஏறுவது வேறு. பலத்தை 28 நாளில் பார்ப்பார்கள். கூரைக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள் கையால் தட்டிப் பார்த்துவிட்டு ‘செட் ஆயிடுச்சு, சென்ட்ரிங் பிரிச்சுடலாமா’ என்று கேட்கும் வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பதில்: சந்தூர்_மாந்தோப்பு

நான் இங்கிலீஷ் படித்தவள் இல்லை, மகள் போனில் தட்டுகிறாள். எங்களுக்கு இந்த வார்த்தை மாமரத்தில் வருகிறது. தோட்டக்கலை ஆபீசர் வந்தால் ‘செட்டிங் எப்படி இருக்கு’ என்பார். நாங்கள் ‘காய் பிடிச்சிருக்கா’ என்போம். பூ பூக்கும்போது மரமே தெரியாது, அப்படிப் பூக்கும். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் பாதிக்கு மேல் ஆண் பூவாகவே இருக்கும், அதில் காய் வராது. மிச்சத்திலும் கடைசியில் மரத்தில் நிற்பது கொத்துக்கு ஒன்றோ இரண்டோ. மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் ஈக்கு நிறைய பங்கு உண்டு, தேனீ மட்டும் இல்லை. அதனால் பூ நன்றாக விரிந்திருக்கும் நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள் என்று தலை தலையாய் அடித்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தோப்பில் கேட்டால்தானே. தத்துப்பூச்சிக்குப் பயந்து பூவிலேயே அடிப்பார்கள், அப்புறம் பெங்களூரா மா இந்த வருஷம் ஏமாத்திடுச்சு என்பார்கள்.

இந்தப் ‘பிடி’க்கும் அந்தத் தம்பி கேட்ட வார்த்தைக்கும் சம்பந்தம் உண்டா என்று படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில்: பாலக்கோடு_காயில்காரர்

அக்கா, பி.ஏ. படித்த எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். நான் ‘வை’ என்ற சாவியை மட்டும் கொடுத்தேன். அது ஒருவர் செய்யும்போது பொருந்தும். தானாக நடக்கும்போது ‘பிடி’தான் பொருந்துகிறது. காய் பிடித்தது. கலவை பிடித்துக்கொண்டது. ‘தி ரெயின்ஸ் செட் இன்’ என்பார்கள், மழை பிடித்துக்கொண்டது. மூன்றும் ‘செட்’. இதுவரை ஆடிக்கொண்டோ ஓடிக்கொண்டோ இருந்தது இனி இப்படித்தான் என்று நிலைகொள்வது. தம்பி, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: நாம் செய்தால் ‘வை’, தானாக ஆனால் ‘பிடி’. சூரியனுக்கு மட்டும் இரண்டும் வராது. அங்கே போய் உட்காருகிறது என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும். நமக்குப் பொழுது சாய்கிறது, அவர்களுக்கு உட்காருகிறது.

பதில்: கிருஷ்ணகிரி_குமாஸ்தா

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்களுக்கு தினமும் வரும் சொல் ‘செட் அசைட்’. தம்பி தன் ஷீட்டில் ‘செட் அசைட் தி ஃபர்ஸ்ட் பீஸ்’ என்று பார்த்திருக்கிறார். அங்கே முதல் பீஸைத் தனியே எடுத்து வை, கலந்துவிடாதே என்று அர்த்தம். பத்திரமாக இருக்க வேண்டும். கோர்ட்டில் அதே சொல்லுக்கு நேர் எதிர். ஒரு உத்தரவை செட் அசைட் செய்தால் அது ரத்து, இனி செல்லாது.

உதாரணம் சொல்கிறேன். சிவில் வழக்கில் சம்மன் வந்தும் பிரதிவாதி ஆஜராகவில்லை என்றால் எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிடும், அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை. அதை ரத்து செய்யக் கேட்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில் 9-ஆம் கட்டளை 13-ஆம் விதியின் கீழ் மனு போடலாம். அதைத்தான் நாங்கள் ‘செட் அசைட் பெட்டிஷன்’ என்கிறோம். 30 நாளுக்குள் போட வேண்டும். சம்மனே முறையாகச் சேரவில்லை என்றால் டிகிரி ஆன விஷயம் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. பாகப்பிரிவினை வழக்கில் ‘நம்ம அண்ணன்தானே போட்டிருக்கான், பேசிக்கலாம்’ என்று சம்மனை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, டிகிரி ஆனபின் ஓடி வருபவர்கள் எங்கள் ஆபீஸுக்கு வாரம் தவறாமல் வருகிறார்கள்.

‘செட் ஆஃப்’ என்றும் ஒன்று உண்டு. நீ எனக்குத் தர வேண்டியதில் நான் உனக்குத் தர வேண்டியதைக் கழித்துக்கொள்வது. கிரிமினலிலும் வரும். விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்களைத் தண்டனைக் காலத்தில் கழிப்பார்கள். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 428-ஆம் பிரிவு. உறவுக்காரர்கள் முதலில் கேட்பதே ‘செட்டாஃப் எத்தனை நாள் கிடைக்கும்’ என்றுதான். பள்ளிக்கூடமே போகாத கிழவிகள்கூட இந்தச் சொல்லைச் சரியாகச் சொல்வார்கள்.

பதில்: பாலக்கோடு_காயில்காரர்

சார் சொன்ன எதிரும் புதிரும் அருமை. ஆனால் தமிழுக்கு அது புதிது இல்லை. ‘ஒதுக்கி வை’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணத்துக்குப் பணத்தை ஒதுக்கி வைத்தால் அது பத்திரம். ஊரில் ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்தால்? எதை, யார், எங்கே என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. தம்பி, ஷீட்டில் ‘செட் அசைட்’ வந்தால் ஒதுக்கி வை என்றே படியுங்கள், தப்பு வராது. ஆனால் ‘ரிஜெக்ட்’ என்று நினைத்து முதல் பீஸை ஸ்க்ராப் தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்த வால்கள். அப், ஆஃப், அவுட், இன், பேக் எல்லாம். நிலையாக வைப்பது என்று சொல்லிவிட்டு, ‘செட் அவுட்’, ‘செட் ஆஃப்’ என்றால் மட்டும் கிளம்புவது என்கிறார்களே, எப்படி என்று தோன்றும். நாம் ‘நடையைக் கட்டு’ என்று சொல்வதில்லையா? கட்டினால் நிற்கத்தானே வேண்டும், இங்கே கட்டினால் போகிறான். அதுபோலத்தான். இந்த வால் வைத்த சொற்களைத் தனியாக அர்த்தம் பார்க்காமல், ஒரு வாக்கியத்தோடு சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். உங்களுக்குத் தேவையானது மூன்று நான்குதான். ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் அடித்தது. ‘சம்திங் செட் ஆஃப் தி அலாரம்’ என்றால் ஏதோ ஒன்று அலாரத்தை அடிக்க வைத்தது. ‘செட்பேக்’ என்றால் பின்னடைவு. வீடு கட்டும்போது எல்லையிலிருந்து விட வேண்டிய காலி இடத்துக்கும் அதுதான் பெயர், பென்னாகரம் தம்பிக்குத் தெரிந்திருக்கும். மற்றதை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டவர்: மாரண்டஅள்ளி_ஆபரேட்டர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காயில்காரர் அண்ணா, வை, பிடி இரண்டையும் வைத்து ஷீட்டை மறுபடி படித்தேன், நிஜமாகவே திறக்கிறது. இன்னொரு சந்தேகம். நாம் தினமும் பேசுவதில் ‘அந்த ஷிஃப்ட் எனக்கு செட் ஆகலை’, ‘அவன் என் செட்’, ‘ஆளை செட் பண்ணிட்டான்’ என்றெல்லாம் வருகிறதே. இதை அப்படியே இங்கிலீஷில் சொல்லலாமா? ஏன் பழைய கம்பெனியை விட்டு வருகிறாய் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ‘இட் இஸ் நாட் செட்டிங் ஃபார் மீ’ என்று எழுதி வைத்திருந்தேன்.

பதில்: மேம்பாலம்_ஓட்டல்

குறுக்கே வருகிறேன். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி ஓட்டல். எங்களுக்கு செட் என்றாலே சண்டை. சேலம் பக்கம் இருந்து வருபவருக்கு ஒரு செட் பூரி, ஒரு செட் பரோட்டா என்றால் இரண்டு. பெங்களூரிலிருந்து இறங்கி வருபவர் செட் தோசை கேட்டால் மூன்று எதிர்பார்ப்பார், சின்னதாக, பஞ்சு மாதிரி, சாகு தனியாக. ஒரே மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டால் சப்ளையருக்கு நல்ல நேரம். இப்போது போர்டிலேயே எண்ணிக்கை எழுதிவிட்டோம். தம்பி ஜெயித்து வரும் வழியில் வாருங்கள், உங்களுக்கு நாலு வைக்கச் சொல்கிறேன்.

பதில்: பாலக்கோடு_காயில்காரர்

நல்ல வேளை கேட்டீர்கள் தம்பி. அந்த வாக்கியத்தைக் கிழித்துப் போடுங்கள்.

‘செட் ஆகலை’ என்பது நாம் செய்த இங்கிலீஷ். இங்கிலீஷ்காரனுக்குத் தெரியாது. அவனுக்கு சட்டை, ஷிஃப்ட், ஊர் எல்லாம் ‘சூட்’ ஆகும் அல்லது ஆகாது. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒத்து வரவில்லை என்றால் ‘இட் டிட் நாட் வொர்க் அவுட்’. ‘அவன் என் செட்’ என்பதற்கு இண்டர்வியூவில் ‘பேட்ச்மேட்’ என்றால் போதும், அதுவும் நம் நாட்டு இங்கிலீஷ்தான். ‘செட் பண்ணிட்டான்’ என்று நாம் சொல்வதில் காதலும் உண்டு, காசு கொடுத்து ஆளைச் சரிக்கட்டுவதும் உண்டு. இரண்டையுமே இண்டர்வியூவில் சொல்லத் தேவை வராது. ‘செட்டப்’ என்று நம் ஊரில் கண்ணடித்துச் சொல்லும் அர்த்தமும் அங்கே கிடையாது. அங்கே ‘இட் வாஸ் எ செட்டப்’ என்றால் என்னைத் திட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள் என்று பொருள்.

இப்படி எடுத்துக்கொண்ட சொல்லை நம் இஷ்டத்துக்கு வளைப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. நம் வீட்டுக்கு வந்தபின் அது நம் பிள்ளை. மாட்டுக் கொட்டாய்க்குத் தகரம் போட்டதும் ‘மாட்டு செட்டு’ ஆகிவிட்டது. அது ‘ஷெட்’, வேறு சொல், ஆனால் எங்கள் பக்கம் யார் அதைப் பிரிக்கிறார்கள்? கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துகிறாள் என்பதில் உள்ள செட்டு நம்முடையதே, சிக்கனம் என்று அர்த்தம், இங்கிலீஷுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பேசும்போது எல்லாம் ஓடும். இங்கிலீஷில் பேசும்போது மட்டும் நம் செட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

வேலையை விடும் காரணத்துக்கு: ‘ஐ வாண்ட் டு மூவ் ஃப்ரம் ஆபரேட்டிங் டு செட்டிங்’. சின்ன வாக்கியம், உண்மை, பழைய கம்பெனியைக் குறை சொன்னதாகவும் ஆகாது. நைட் ஷிஃப்ட் பிடிக்கவில்லை என்று ஆரம்பித்தீர்களானால் அங்கேயும் நைட் ஷிஃப்ட் இருக்கும்.

கேட்டவர்: மாரண்டஅள்ளி_ஆபரேட்டர்

எழுதி வைத்துக்கொண்டேன் அண்ணா. வேலையைச் சொல்ல நானே ஒன்று எழுதிப் பார்த்தேன், சரியா சொல்லுங்கள்: ‘ஃபர்ஸ்ட் ஐ கெப்ட் தி ஜாப் இன் தி சக். தென் ஐ செட் தி மெஷின். செட்டப் டைம் ஃபார்ட்டி மினிட்ஸ்.’

பதில்: பாலக்கோடு_காயில்காரர்

‘கெப்ட்’ வந்துவிட்டதே தம்பி! ஜாபை, அதாவது கடையும் பொருளை, சக் பிடியிலிருந்து எடுக்காமல் அங்கேயே விட்டு வைத்தேன் என்று ஆகிவிடும். ‘ஐ கிளாம்ப் தி ஜாப்’ என்று போடுங்கள், பட்டறையில் புழங்கும் சொல்லும் அதுதான். தினமும் செய்யும் வேலை என்பதால் இறந்தகாலம் தேவையில்லை, நடப்பாகவே சொல்லுங்கள். அடுத்தது, ஜா, டூல், ஜீரோ, முதல் பீஸ் எல்லாம் சேர்ந்த முழு ஏற்பாட்டுக்கு ‘ஐ செட் அப் தி மெஷின்’. ஒரு அளவை மட்டும் நிறுத்துவதற்கு ‘ஐ செட் தி ஜீரோ’, ‘ஐ செட் தி ஸ்பீட்’. இந்த ‘அப்’ இருக்கிறதா இல்லையா என்பதிலேயே வேலை தெரிந்தவனா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். செட்டப் டைம் சரி, நடுவில் ஒரு ‘இஸ்’ சேருங்கள்.

உள்ளே போனதும் ‘ஆர் யூ ஆல் செட்?’ என்று யாராவது கேட்டால் திகைக்க வேண்டாம், தயாரா என்று கேட்கிறார்கள், ‘யெஸ் சார்’ போதும். செய்து காட்டச் சொல்லவும் வாய்ப்பு உண்டு. உங்கள் மைக்ரோமீட்டர் இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள், முன்னாடியே ஜீரோ பார்த்துவிட்டு.